ஷூ தொலைத்த நீளாடு

ஜூன் 3, செவ்வாய்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை. இரவு: தோசை இரண்டு.
(இட்லி ஐந்து.)

மேல் வரி டாக்டருக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது எனக்கு.

சர்க்கரை இருநூற்று நாற்பதைத் தொட்டுவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஆதிரை, "வாயில போறது எல்லாத்தையும் எழுதுங்கம்மா. மாசாமாசம் கொண்டாந்து காட்டணும். பொய் எழுதக்கூடாது" என்று சொல்லிவிட்டார். என் மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஆனாலும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினால் சின்னப் பெண்ணுக்கும் பயந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.

நூல் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். இட்லி மூன்று என்று எழுதினால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடுகிறது. மிச்ச இடத்தை வீணாக்குவானேன், ஊர்க்கதை எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். காட்டும்போது கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டால் போயிற்று.

என் பெயர் மங்கையர்க்கரசி. பெயரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெயர்தான் நீளம். ஓடக்காட்டுப்புதூர் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடமாக டீச்சர். ஊர் முழுக்க விசைத்தறி. இங்கே யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள், பேசினால் காதில் விழாது. அதனால் ரகசியம் என்று ஊரில் ஒன்றுமே கிடையாது. எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

ஜூன் 4, புதன்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, பருப்பு. மாலை: ஒன்றுமில்லை.
(இட்லி நான்கு. மாலை: முறுக்கு. எத்தனை என்று எண்ணவில்லை, அதனால் எழுத முடியாது.)

மாதத்தின் முதல் புதன், பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பார்க்கிற நாள். உயரம் அளக்கிற கருவியின் தலைப்பலகையை ஒரு வாண்டு குதிரை என்று நினைத்து ஏறி உட்கார்ந்து ஒடித்து ஒரு வருடம் ஆகிறது. புதுசு வரும், வரும் என்கிறார்கள். அதுவரை இருக்கட்டும் என்று நானே சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்து, அதன் முதுகோரமாகத் தரையிலிருந்து சென்டிமீட்டர் கோடு போட்டு எண் எழுதி வைத்தேன். நூற்று ஐம்பது வரை இருக்கிறது. வரைந்து முடித்ததும் பிள்ளைகள் வந்து பார்த்து, "ஐ, நீளாடு!" என்றார்கள். ஆடுதான். கழுத்தை மட்டும் யாரோ பிடித்து இழுத்துவிட்டது போல் இருக்கிறது. குளம்புக்குக் கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் தாராளமாக விழுந்து, பள்ளிக்கூட ஷூ போட்ட ஆடாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதில் பிடித்ததே அந்த ஷூதான்.

இருபத்து மூன்று பிள்ளைகளில் ஐந்து பேருக்குப் போன் சிவப்புக் காட்டியது. உயரத்தைப் பதிந்தால் அதுவே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லிவிடும். சிவப்பு என்றால் வயதுக்கு வளர்த்தி ரொம்பக் குறைவு. ஐந்தில் கடைசி, அடுத்த மாதம் மூன்று வயது முடியப்போகிற தன்ஷிகா. எண்பத்து மூன்று சென்டிமீட்டர். பேசவும் மாட்டாள், அழவும் மாட்டாள், நீளாட்டின் கால்மாட்டில் உட்கார்ந்து அதன் ஷூவைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவள் அம்மா கோகிலா தறி ஓட்டுகிற பெண். இருபத்தொரு வயது. ஆறு மாதக் குழந்தை இடுப்பில் ஒன்று.

"சிவப்புன்னா என்னங் டீச்சர்?"

"வயசுக்குத் தக்க வளத்தி இல்லேன்னு அர்த்தம் கண்ணு."

"அதுக்கென்னங் பண்றது? எங்க வம்சமே குட்டைங். எங்கம்மா குட்டை, நானு குட்டை. இப்ப உங்களையே எடுத்துக்கங்…" என்று என்னைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லு. நானும் வம்சந்தான்" என்றேன்.

"காத்தால என்ன குடுத்தே?" என்று கேட்டேன்.

"டீயில ரெண்டு வர்க்கி முக்கிக் குடுத்தனுங். வயிறு ரொம்பிக் கம்முனு கெடப்பா. நான் தறிக்குப் போவோணுமில்லீங்."

நானும் வம்சம்தான் என்று சொன்னது பொய்யில்லை. வேலையில் சேரும்போது மருத்துவச் சான்றிதழில் என் உயரம் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அக்கா இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கம்மி. அண்ணன்கள் இரண்டு பேரும் நிலைப்படிக்கு நிலைப்படி தலை இடிப்பவர்கள். எங்கள் வீட்டில் பெண்களுக்கு மட்டும் வருகிற வம்சம் அது. நான் இதுவரை எங்கேயும் தலை இடித்துக்கொண்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நன்மை உண்டு.

ஜூன் 9, திங்கள்

காலை: ராகிக் கூழ். மதியம்: சோறு, சாம்பார்.
(கூழுக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி.)

முட்டை நாள். சமையல் செவந்தியக்கா எனக்கும் ஒன்று நீட்டினாள். "எனக்கு முட்டை பிடிக்காது, தெரியாதா?" என்றேன். இருபத்திரண்டு வருடமாக நீட்டுகிறாள், நானும் இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். தன்ஷிகாவின் தட்டில் முட்டை இல்லை. நல்ல பிள்ளை, முதல் ஆளாகத் தின்றுவிட்டாள்.

இன்று முதல் சாப்பாட்டில் முருங்கைக்கீரை. மரம் என்னுடையது, யோசனையும் என்னுடையது. எழுதி வைத்தால்தான் நாளைக்குப் பெருமை பேச உதவும்.

ஜூன் 14, சனி

தறிக்காரர் நாச்சிமுத்து அண்ணன் மாடி கட்டியதில் டைல்ஸ் மிச்சமாம். அங்கன்வாடிக்குப் போடச் சொல்லிவிட்டார். சந்தன நிறம், நடுநடுவே ரோஜாப் பூ. கொத்தனார் வந்து, "பழைய தரைய ஒடைக்க வேண்டாங்க, மேலயே கலவை போட்டு ஒட்டிரலாம். ரெண்டு நாள் வேலை" என்றார். சுவரடியில் ஒட்டுகிற பட்டையை மட்டும் நீளாடு இருக்கிற பக்கம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். என் ஓவியம் ஆயிற்றே.

நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லும் வந்திருக்கிறது. நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு பெரிது.

ஜூன் 18, புதன்

காலை: இட்லி மூன்று. (மூன்றுதான். மாவு தீர்ந்துவிட்டது.)

புதுத் தரையில் முதல் நாள். கதவு திறக்கவில்லை. அடியில் இடிக்கிறது. தச்சர் வந்து கதவைக் கழற்றி, அடியில் ஒரு அங்குலத்துக்கு மேல் அறுத்து மாட்டினார். "ஊட்டுக்குப் புதுப் பொண்டாட்டி வந்தா பழைய கதவு கொஞ்சம் தேயத்தான் வேணும்" என்றாள் செவந்தியக்கா. அவளுக்கு இரண்டு மருமகள்கள். அனுபவம் பேசுகிறது.

ஜூன் 23, திங்கள்

இன்று தன்ஷிகா பேசினாள்! "டீச்சர், ஷூவக் காணோம்" என்றாள். வாசலில் போய்த் தேடினேன். யாருடையது என்றே தெரியாத செருப்பு மூன்று கிடைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அவள் செருப்பு அவள் காலிலேயே இருக்கிறது. பேசாத பிள்ளை பேசியதே பெரிசு என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 2, புதன்

காலை, மதியம், இரவு: அளவாக.
(இனிப்பு. காரணம் கீழே.)

அதிசயம்! இருபத்து மூன்று பிள்ளைகளும் வளர்ந்திருக்கிறார்கள். சும்மா இல்லை, ஆளுக்கு மூன்று, மூன்றரை சென்டிமீட்டர், ஒரே மாதத்தில். ஐந்து சிவப்பும் மஞ்சளாகிவிட்டது. தன்ஷிகா எண்பத்தாறு புள்ளி நான்கு.

கோகிலாவிடம் போனைத் திருப்பிக் காட்டினேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "நெசமாலுமாங் டீச்சர்? எம்புள்ள வளந்துட்டாளாங்?" என்று மூன்று தடவை கேட்டாள்.

"முருங்கைக்கீரை" என்றேன், அடக்கமாக.

ஜூலை 3, வியாழன்

மேற்பார்வையாளர் ஹேமலதா மேடம் காலை எட்டு மணிக்கே போன். "டீச்சர், என்ன பண்ணீங்க நீங்க? வட்டாரத்துலயே உங்க சென்டர் மாதிரி முன்னேற்றம் எங்கயும் இல்ல. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வட்டார விழால உங்களுக்குப் பொன்னாடை. ரெண்டு நிமிஷம் பேசணும், தயாரா இருங்க."

இரண்டு நிமிடமா? என்னை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

காலை: ராகி தோசை ஒன்று. (ஒன்றேதான்! சந்தோஷத்தில் பசிக்கவில்லை.)

மேடையில் மைக் எட்டுமா என்று ஒரு கவலை வந்தது. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நானும் நீளாட்டின் மேல் சாய்ந்து நின்று, தலையில் நோட்டை வைத்து அளந்து பார்த்தேன். நூற்று நாற்பத்தைந்து! நாற்பத்தேழு வயதில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறேன். நடைப்பயிற்சியாக இருக்கும். நான் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். நடக்க வேண்டும் என்று நினைப்பதற்கே இவ்வளவு பலன்.

ஜூலை 10, வியாழன்

செவந்தியக்காவும் அளந்துகொண்டாள். அவளும் வளர்ந்திருக்கிறாள். "அம்பத்தாறு வயசுல நானு வளர்றேன்னா, அடுத்த வருசம் கல்யாணத்துக்குப் பாக்கலாம் டீச்சர்" என்று சிரித்துவிட்டு, கதவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

எனக்கும் வேலை இருந்தது. போய்விட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தன்ஷிகா என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நீளாட்டின் காலையும் தரையையும் காட்டினாள்.

"ஷூ உள்ள போயிருச்சு."

சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 12, சனி

காலை: எழுத ஒன்றுமில்லை. மதியம்: அதேதான்.

ஜூலை 14, திங்கள்

சும்மா ஒரு ஆர்வத்தில், தையல் டேப்பால் தரையிலிருந்து நீளாட்டின் நூறாவது கோடு வரை அளந்து பார்த்தேன். தொண்ணூற்றேழு. டேப் பழசு, இழுத்திருக்கும் என்று செவந்தியக்கா வீட்டு டேப்பை வாங்கி அளந்தேன். அந்த டேப்பும் பழசாக இருக்க வேண்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று தன்ஷிகாவின் உயரத்தைப் போனில் மட்டும் மாற்றி வைக்கப் பார்த்தேன். யாருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை, சின்னத் திருத்தம். எண்பத்து மூன்று புள்ளி நான்கு என்று அடித்ததும் போன் சிவந்துகொண்டு, 'உயரம் முந்தைய அளவைவிடக் குறைய முடியாது. மேற்பார்வையாளரை அணுகவும்' என்றது.

பிள்ளைகள் குட்டையாக முடியாதாம். போனுக்கு இருக்கிற அறிவு எனக்கு இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

காலை: இட்லி மூன்று. (ஆறு. பயத்தில் பசிக்கிறது.)

இருபத்தாறாம் தேதி சுகாதார நிலையத்தில் சிறப்பு முகாம். ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, குழந்தை டாக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பாராம். சிவப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். பெயர் கொடுக்கப் பதினெட்டு கடைசி. நர்சம்மாவிடம் நைசாகக் கேட்டேன், "மஞ்சள் ஒண்ணையும் சேத்துக்க முடியுமா?"

"இருக்கற செவப்புக்கே இடம் பத்தலீங் டீச்சர். உங்க சென்டர்லதான் செவப்பே இல்லையே! கொடுத்து வெச்சவங்க."

பட்டுச் சேலை இஸ்திரி போட்டு வந்துவிட்டது. கஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது. நான் இல்லாமலே தனியாக நிற்கிறது.

ஜூலை 16, புதன்

தன்ஷிகா வரவில்லை. தறி ஆட்களுக்கு நாச்சிமுத்து அண்ணன் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டுக்குப் போனேன், அவர்கள் குடியிருப்பது அங்கேதான். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. போன மாதமும் ஒரு தடவை, அதற்கு முந்தின மாதமும். பத்து வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மூடி இல்லை. மேலே ஒரு சணல் சாக்கு, சாக்கின் மேல் ஒரு காக்கை. நாச்சிமுத்து அண்ணனுக்குப் பெயர்க்கல் செதுக்க ஆள் கிடைக்கிறது, தொட்டிக்கு மூடி கிடைக்கவில்லை.

உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கினேன். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைத் தூக்குகிறவள். தூக்கும்போதே கை எடை சொல்லிவிடும். இன்று கை எதிர்பார்த்த எடை வரவில்லை. கொஞ்சம் வேகமாக மேலே வந்துவிட்டாள்.

கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மஞ்சளுக்கு வந்துட்டாளில்லீங் டீச்சர். இனி பயமில்லீங்ளே?"

டீ போடுகிறேன் என்றாள். வேண்டாம், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு வீட்டில் டீ வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. செவந்தியக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஜூலை 17, வியாழன்

காலை: ஒன்றும் இறங்கவில்லை. (உண்மை.)

ஹேமலதா மேடத்தின் அலுவலகம். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. டைல்ஸில் ஆரம்பிக்கலாம், கதவில் ஆரம்பிக்கலாம், கொத்தனார்மேல் பழியைப் போடலாம். உள்ளே போனதும் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேடம், நான் மூணு சென்டிமீட்டர் வளந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சந்தோஷம் டீச்சர். அதுக்கென்ன?"

"நான் வளர்ற வயசா மேடம்?"

சொல்லி முடித்தேன். தரை உயர்ந்தது, கோடு உயரவில்லை, பிள்ளைகள் வளரவில்லை. நீளாட்டின் ஷூ புதைந்தது, மூன்று வயதுப் பிள்ளை மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னது, நான் வாசலில் செருப்புத் தேடியது. போன திங்களே டேப் வைத்து அளந்துவிட்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். இங்கே எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது அவ்வளவு கூசவில்லை.

மேடம் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாவட்ட மீட்டிங்ல உங்க கணக்கத்தான் டீச்சர் நான் ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினேன். பின்னாடி பச்சை கலர் அம்புக்குறியெல்லாம் வெச்சு."

"மன்னிச்சுருங்க மேடம்."

"அம்பு நான் வெச்சது. அதுக்கு நீங்க ஏன்?" எழுந்து பையை எடுத்தார். "ஒரே மாசத்துல மூணு சென்டிமீட்டர் எந்தப் பிள்ளையாவது வளருமான்னு நானும் யோசிச்சிருக்கணும். நல்ல சேதி வந்தா யாரு யோசிக்கறா? நாளைக்குக் காலைல எல்லாப் பிள்ளையையும் வரச் சொல்லுங்க. நான் வர்றேன். லிஸ்ட் நாளைக்குத்தான முடியுது?"

வெளியே வந்ததும் பசித்தது. (போண்டா இரண்டு.)

ஜூலை 18, வெள்ளி

பக்கத்து சென்டரிலிருந்து நல்ல உயரமானி கடன் வாங்கிக்கொண்டு மேடமே வந்துவிட்டார். அளந்தது அவர், பதிந்தது நான், பிள்ளைகளின் குதிகாலைப் பிடித்து அழுத்தியது செவந்தியக்கா. ஒவ்வொரு பிள்ளையும் மூன்று சென்டிமீட்டர் சுருங்கியது. போன் மேடத்திடம் இருபத்து மூன்று முறை அனுமதி கேட்டது. ஐந்து சிவப்பும் திரும்பி வந்துவிட்டது.

நாச்சிமுத்து அண்ணனுக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. (நான்தான் சொன்னேன்.) மூச்சு வாங்க வந்தார்.

"ஏனுங் டீச்சர், என்ற டைல்ஸ் மேலயா பழி?"

"டைல்ஸ் மேல ஒரு பழியும் இல்லீங்ண்ணா. பிள்ளைக வழுக்கி விழறத சொன்னனா? சொல்லல. பேரு போட்ட கல்லு பெருசா இருக்குதுன்னு சொன்னனா? அதுவுஞ் சொல்லல. ஒண்ணே ஒண்ணு. உங்க லைன் வீட்டுத் தொட்டிக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்க. அதுலயும் வேணும்னா பேரு போட்டுக்கங்க."

மேடம் இருமுவது போல் சிரித்தார்.

சாயங்காலம் கோகிலாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து வீட்டில் இதுதான் கடினம். தறியை நிறுத்திவிட்டு வந்தாள். சொன்னேன். கத்துவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப வளரவே இல்லீங்ளா?"

"நாலு மில்லிமீட்டர் வளந்திருக்கா கண்ணு. அது நிசம். தப்பு என்னுது. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாலு மில்லின்னா எத்தனைங்?"

கட்டைவிரல் நகத்தின் நுனியில் கொஞ்சம் காட்டினேன். அவள் தன் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 26, சனி

முகாம். கோகிலாவுக்கு ஒரு நாள் கூலி போனாலும் வந்தாள். ஷிப்ட் முடித்துத் தூங்காமல் அவள் வீட்டுக்காரன் பிரபுவும் வந்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு. தன்ஷிகாவுக்கு ரத்தம் குறைவு, வயிற்றில் பூச்சி, அடிக்கடி வருகிற வயிற்றுப்போக்கில் தின்பது உடம்பில் ஒட்டவில்லை. குழந்தை டாக்டர் மருந்து எழுதினார். எங்கள் டாக்டர் ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கதை கேட்டார். டீயை நிறுத்தச் சொன்னார். வயிறு ரொம்பியது போல் காட்டி ஏமாற்றும், ரத்தம் ஊறவும் விடாது என்றார்.

"அங்கன்வாடில முட்டை குடுக்கறாங்கல்ல, சாப்பிடறியா பாப்பா?"

தன்ஷிகா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அவ தின்றாளுங் டாக்டர்" என்றேன் நான். "தட்டு காலியா இருக்கும்."

தன்ஷிகா தன் கவுன் பையைத் தொட்டுக் காட்டினாள். "முட்டை அப்பாவுக்கு."

கோகிலாவின் முகம் சிவந்துவிட்டது. "பையில ஒடைஞ்ச முட்டை கெடக்குமுங். வெளையாட்டுக்குக் கொண்டாறான்னு நெனச்சனுங். ஊட்ல முட்டை வாங்குனா அவருக்குத்தானுங் வெக்கிறது. தறி ஓட்டற ஒடம்பு. அதப் பாத்துட்டு…"

"நீயும்தான தறி ஓட்டற?" என்றார் டாக்டர்.

பிரபு எழுந்து நின்றுவிட்டான். "நான் எப்பக் கேட்டேன் புள்ள? எனக்கு மட்டும்னு நான் எப்பக் கேட்டேன்?" என்றான், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

எங்கள் வீட்டிலும் முட்டை அண்ணன்களுக்குத்தான். அப்பாவுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒவ்வொன்று. யாரும் கேட்டு வாங்கியதில்லை. அம்மா வைப்பாள், அவர்கள் தின்பார்கள். எனக்கு முட்டை பிடிக்காது, அதனால் பிரச்சினை வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதியம்: விழா சாப்பாடு. (இனிப்பு இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விட்டார்.)

பொன்னாடை வேறு சென்டருக்கு. நான் பச்சைப் பட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினேன். மேடம் பேசும்போது, "அளவு தப்புன்னு தானா வந்து சொன்ன ஒரு டீச்சரும் இங்க இருக்காங்க" என்றார். எல்லாரும் யார் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

புது உயரமானி ஒன்றும் கையோடு கொடுத்தனுப்பினார். மூன்று நாள் தாமதித்தவளுக்கு இது அதிகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முட்டை நாள். பன்னிரண்டரைக்கு ஜன்னலில் பஞ்சுத் தலை ஒன்று தெரிந்தது. பிரபு. கையில் பாதி முட்டை.

"கண்ணு, இங்க பாரு, அப்பா தின்னுட்டேன்" என்று வாயில் போட்டு மென்று காட்டினான். "இனி உன்ற தட்டுல இருக்கறது உன்றது. தின்னு பாக்கலாம்."

தன்ஷிகா அவன் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதித்துவிட்டு, பிறகு தின்றாள். மஞ்சள் கருவைக் கடைசியில்.

"மிச்சப் பாதி யாருக்கு?" என்று செவந்தியக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அவுங்கம்மாளுக்குங். திங்க மாட்டேன்னு சண்டை. நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

லைன் வீட்டுத் தொட்டிக்கு மூடி வந்துவிட்டது. கனமான கடப்பைக் கல். பெயரும் உண்டு, அதே அளவில்.

செப்டம்பர் 3, புதன்

தன்ஷிகா எண்பத்து நான்கு புள்ளி ஒன்பது. சிவப்புதான். வயிற்றுப்போக்கு இந்த மாதம் இல்லை. டீ ஒரு நாள் மட்டும், அதுவும் அடம் பிடித்ததால் என்றாள் கோகிலா. இவ்வளவு உண்மை பேசுகிற பெண்ணிடம் பழகினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். சர்க்கரைச் சோதனைக்குப் போனபோது டாக்டர் ஆதிரை டைரியை என் கைக்கு அடியிலிருந்து உருவிவிட்டார். பத்து பக்கம் படித்தார். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதுதான்மா எனக்கு வேணும். மேல இருக்கறத இனிமே எழுத வேண்டாம்." இன்னும் நாலு பக்கம் புரட்டினார். "இட்லி இருக்கு, போண்டா இருக்கு, முறுக்கு இருக்கு. முட்டை ஒரு நாள்கூட இல்லையே?"

"எனக்குப் பிடிக்காதும்மா."

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணன்கள் உயரம், நீங்களும் அக்காவும் மட்டும் குட்டை. அது என்னம்மா பொம்பளைங்களுக்கு மட்டும் வர்ற வம்சம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சின்னப் பெண். வம்சத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

நீளாட்டுக்குப் புது ஷூ வரைந்தேன், தரைக்கு மேலே. இப்போது அதற்குக் கால் மூன்று சென்டிமீட்டர் கட்டை. கோடுகளையும் அழித்துவிட்டேன், அளப்பதற்குத்தான் கருவி வந்துவிட்டதே. தன்ஷிகா கிட்டே வந்து நான்கு காலையும் எண்ணினாள். "சரியாப் போச்சு" என்றாள். இன்ஸ்பெக்டர் மாதிரி.

நவம்பர் 5, புதன்

அளவு நாள். தன்ஷிகா வந்து தானாகவே ஏறி நின்றாள். குதிகாலைச் செவந்தியக்கா பிடித்தாள். பலகையை இறக்கினேன். எண்ணைப் பார்த்தேன். பலகையை ஏற்றி, மறுபடி இறக்கினேன். நான் குனிந்து தரையைத் தடவிப் பார்த்ததைச் செவந்தியக்கா பார்த்துவிட்டாள்.

"தரை அதேதான் டீச்சர். நான் காத்தால பெருக்கும்போதே பாத்துட்டேன்."

எண்பத்தாறு புள்ளி ஆறு.

ஜூலையில் பொய்யாக எழுதிய எண்ணைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர். பதிந்தேன். போன் யோசித்தது. மஞ்சள்.

பச்சைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மீதி நாலில் இரண்டு இன்னும் சிவப்பு. எல்லாம் தெரியும். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடினேன், நாற்பத்தேழு வயதில், சர்க்கரையோடு. கோகிலா தறியை நிறுத்தவில்லை, சத்தத்தில் எதுவும் கேட்கவும் இல்லை. போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். மஞ்சளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து என் காலடித் தரையைப் பார்த்தாள், சந்தேகமாக. பிறகு அந்தத் தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தாள்.

திரும்பி வந்தால் மணி ஒன்று. புதனும் முட்டை நாள். பிள்ளைகள் எல்லாரும் தின்று முடித்திருந்தார்கள். செவந்தியக்கா வழக்கம்போல் ஒன்றை என் பக்கம் நீட்டி, நான் சொல்வதற்கு முன்பே, "தெரியும், புடிக்காது" என்று கையைப் பின்னால் இழுத்தாள்.

"குடு" என்றேன்.

காலை: இட்லி நான்கு. மதியம்: சோறு, முருங்கைக்கீரை, முட்டை ஒன்று. இரவு: இன்னும் ஆகவில்லை.

முட்டை பிடித்திருந்தது. அடைப்புக்குறி வேண்டியதில்லை.